தட்டில் துடித்த இதயத் துணுக்கு

மாரடைப்பு வந்து என் நைனாவின் இதயத்தில் ஒரு பகுதி செத்துப்போனது. இனி வலை இழுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. காரணம் நான்தான். சென்னையில் ஓர் ஆய்வகத்தில் எனக்கு வேலை. அங்கே இதயத் தசைத் துணுக்குகளை வளர்ப்போம். செத்த தசையை மறுபடி வளரவைக்கும் மருந்துகளை அவற்றில் சோதிப்போம். ஒரு துணுக்கு தட்டில் தானாகத் துடிப்பதைச் செல்போனில் எடுத்து நைனாவுக்குக் காட்டினேன். அவ்வளவுதான், ஏரிக்கு நடுவே தீவாக இருக்கும் எங்கள் ஊர் பசியாவரம் முழுக்கச் சொல்லிவிட்டார்.

ஏரியில் யார் என்றைக்கு எங்கே இறால் வலை போடலாம் என்பதற்கு எங்கள் ஊரில் முறை உண்டு. அதைப் பாடு என்போம். போக முடியாதவர் தன் முறையை உறவுக்காரருக்கு விடலாம். சித்தப்பா காத்திருந்தார். நைனா அசையவில்லை. "எம் பொண்ணு மருந்து கொண்டாருவா, நானே போவேன்" என்று ஒரே பிடிவாதம். அவர் முறை நாளில் வேறு யாரும் அங்கே வலை போட மாட்டார்கள். இடம் சும்மா கிடந்தது. நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்குகிற மனுஷனை என்ன செய்வது? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் உள்ளுக்குள் நானும் நம்பினேன்.

ஏனென்றால் ஒரு மருந்து வேலை செய்தது. பெருகுவதையே மறந்திருந்த செல்கள் மறுபடி பெருகின. ஆய்வகத்தில் கத்தியே விட்டேன். பிறகு துடிப்பு தாறுமாறானது. ஓரிடத்தில் ஒரு வேகம், பக்கத்திலேயே வேறு வேகம். ஓர் ஆளுக்குள் அப்படி நடந்தால் உயிரே போகலாம். அந்த மருந்தைக் கைவிட்டோம்.

ஊரில் பாடு பிரிக்கும் கூட்டத்துக்கு முன் சொல்லியாக வேண்டுமே என்று படகேறிப் போனேன். நைனா சலவை வேட்டி கட்டித் தயாராக நின்றார்.

"இன்னா கண்ணு, மருந்து ரெடியா?"

"இல்ல நைனா. அது துடிப்பையே கெடுத்துடுச்சு. வேற மருந்து பாக்கணும், வருஷக்கணக்கா ஆவும். உனக்குக் கிடைக்குமான்னு எனக்கே தெரியல."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடப்பாவி, இதைச் சொல்லவா இவ்வளவு படித்தேன் என்றிருந்தது.

கூட்டத்தில் பெண்கள் ஓரமாகத்தான் நிற்போம். நைனா எழுந்து, "எம் பாட்டைத் தம்பி எடுத்துக்கட்டும்" என்றார்.

"இந்த வருஷத்துக்கு மட்டுந்தானே?" என்று தலைவர் கேட்டார்.

நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். "இல்லை" என்று தலையசைத்தேன்.

"இல்ல, இனிமே அவந்தான்" என்றார்.

வீடு திரும்பும்போது பாதி வழியில் மூச்சுக்காக நின்றார்.

"அந்தத் தட்டுல துடிக்குதே, அது யாரோடது?"

"யாரோ ரத்தம் குடுத்தாங்க. அதுல இருக்குற செல்லை இதய செல்லா மாத்தி வளத்தது."

"அவன் வலை இழுத்தவனா?"

"தெரியாது நைனா."

"அப்ப அதுக்கு இன்னா தெரியும்?" சட்டைக் கையை மடித்து, நடுத்தெருவிலேயே கையை நீட்டினார். "என் ரத்தத்தை எடுத்துக்கினு போ. அதுல ஒண்ணு வளத்து, அதும்மேல மருந்தை ஊத்திப் பாரு. என்னாலதான் போவ முடியல. அதாச்சும் ஒழுங்கா துடிக்கட்டும்."