ஓடினால் அவுட்

ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரக் கீற்றுப் பந்தலில் ஜோக் சொல்லிப் போட்டி நடத்துபவர் அவர். தானே சிரித்துவிடாதிருக்க, ஒவ்வொரு ஜோக்குக்கு முன்னும் துண்டு நுனியைக் கடித்துக்கொள்வார்.

அன்று கூரையில் மின்கம்பியிலிருந்து பொறி பறந்தது. மைக்செட் பார்த்துக்கொண்டிருந்த நானும் அவரும் மட்டும் கவனித்தோம். நான் கத்துவதற்குள் அவர் துண்டைக் கடித்தார். ஜோக் வருகிறதென்று கூட்டம் சிரித்தது.

"புதுப் போட்டிங்க. எல்லாரும் நடந்து போயி எதிர்ல புளியமரத்தைத் தொடணும். ஓடினா அவுட்டு. மொதல்ல தொடறவங்களுக்குப் பித்தளைக் குடம்."

ஆந்திராவிலிருந்து வந்திருந்தவர்களுக்காக அதையே தெலுங்கிலும் சொன்னார்.

கடைசி ஆள் வெளியேறியபோது கூரை பற்றிக்கொண்டது. அவர் குடத்தோடு என்னிடம் வந்தார்.

"மொதல்ல தொட்டது யாரு, பாத்தியாப்பா?"

"பந்தலே எரிஞ்சிகினு கீது, இப்ப அதுவாண்ணே முக்கியம்?"

"குடுக்காம போனா, அடுத்த வாட்டி ஓடுவாங்கப்பா."

சொல்லிவிட்டுத் துண்டைக் கடித்துக்கொண்டார். இந்த முறை அதற்குப் பின் ஜோக் எதுவும் வரவில்லை.