படத்தில் வெட்டிய மதில்

இரண்டு வருடங்களுக்கு முன், வைகாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு நடந்தது இது. திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் எங்கள் வீட்டு முன் அறைகள் மூன்றை நானும் மனைவியும் தங்குமிடமாக விட்டிருந்தோம். ஏழு வாரமாக ஒருவரும் வரவில்லை. மாத முடிவோடு நிறுத்திவிட்டு, அந்தப் பகுதியை ஓர் அலுவலகத்துக்குக் கொடுப்பதாக இருந்தோம். மனைவிக்கு அதில் மனமில்லை. ஆட்கள் வந்துபோகும் வீடுதான் அவளுக்குப் பிடிக்கும்.

இணையத்தளத்தை நானே செய்திருந்தேன். முதல் பக்கத்தில் திமிங்கிலமும் சூரிய உதயமும். அடுத்து எங்கள் வீட்டின் படம். வீட்டுக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி மதில் நீளமாகத் தெரியும். உல்லாசப் பயணிகள் அதைக் கண்டால் வரமாட்டார்கள் என்று படத்தில் மதிலை வெட்டிவிட்டேன். ஆஸ்பத்திரி என்ற சொல்லே தளத்தில் எங்கும் வராமல் கவனமாகப் பார்த்துக்கொண்டேன்.

அன்று ஓர் ஓட்டோவில் நாற்பது வயதுப் பெண் ஒருவர் வந்து இறங்கினார். ஊர் வெருகல் பக்கம். தங்கைக்கு மறுநாள் சத்திரசிகிச்சை. காலை ஏழு மணியிலிருந்து தங்க இடம் தேடி அலைந்தவரை, ஓட்டோக்காரர்தான் எங்களிடம் கொண்டுவந்து விட்டார். அறை ஜன்னலால் எட்டிப் பார்த்தவர் திரும்பினார்.

“இவ்வளவு கிட்டவோ அண்ணை? ஆஸ்பத்திரிக்குக் கிட்டத் தங்க இடம் எண்டு போனிலை எத்தனை தரம் தேடினனான். உங்கடை இடம் வரவே இல்லையே.”

கொஞ்சம் பெருமையோடுதான் தளத்தைத் திறந்து காட்டினேன். விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“நான் திமிங்கிலம் பாக்கவோ வந்தனான்? மதில் எங்கை அண்ணை, படத்திலை?”

“வெட்டிப்போட்டன்” என்றேன்.

“அந்த மதிலைத் தேடித்தானே எங்கடை சனம் வாறது.”

“வடிவாச் சொல்லுங்கோ, நான் சொன்னால் அவருக்கு ஏறாது” என்றாள் மனைவி, குசினியில் சமைத்தபடி.

பிறகு அவர் கேட்கத் தொடங்கினார். கஞ்சி வைக்கலாமா? விடியற்காலையில் பெண்ணொருத்தி தனியாக நடந்து போகலாமா? சுடுதண்ணீர் எந்நேரமும் கிடைக்குமா? ஒவ்வொன்றையும் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன். ஒன்பது கேள்விகள். ஒன்றுக்கும் என் தளத்தில் பதில் இல்லை.

ஆறாம் நாள் தங்கையையும் கூட்டிக்கொண்டு அவர் ஊர் திரும்பினார். அன்று மாலையே வீட்டுப் படலையிலிருந்து ஆஸ்பத்திரி வாசல்வரை எண்ணிக்கொண்டு நடந்தேன். இருநூற்றுப் பதினான்கு காலடி. மதிலோடு சேர்த்துப் புதிதாகப் படம் எடுத்தேன். ‘ஆஸ்பத்திரிக்கு நடந்து போகலாம், கஞ்சி வைக்கக் குசினி உண்டு’ என்று முதல் பக்கத்தில் போட்டேன். ஒன்பது பதில்களும் அதன் கீழே போயின. திமிங்கிலம் கடைசிப் பக்கத்துக்குப் போனது.

அலுவலகத்துக்காரரிடம் ஒரு மாதத் தவணை கேட்டேன். அதற்குள் இணையத்தில் தேடினால் எங்கள் இடம் மேலே வரத் தொடங்கியது. மூதூரிலிருந்தும் திரியாயிலிருந்தும் அறை கேட்டு அழைத்தார்கள். அலுவலகத்துக்குக் கொடுக்க ஏலாது என்று மனைவியே மகிழ்ச்சியோடு சொல்லிவிட்டாள்.

யாரை வரவழைக்கலாம் என்றுதான் அதுவரை யோசித்திருந்தேன். எங்கள் வீடு யாருக்குத் தேவைப்படுகிறது என்று என்னை யோசிக்க வைத்தவர், அவ்வளவு கவலைக்கு நடுவிலும் என்னைப் பார்த்துச் சிரித்த அந்தப் பெண்.