எதிர்வீட்டுப் பூட்டு

கண்டெய்னர் யார்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, கடற்காற்றில் ஒரு கண்டெய்னரின் கதவு என் வலது கைமேல் அடித்துச் சாத்திக்கொண்டது. விரல்களை வெட்டவில்லை. ஆனால் கட்டு பிரித்தபோது ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் உணர்ச்சி இல்லை. பிசியோதெரபி செய்த பெண், விரலுக்கு நுணுக்கமான வேலை கொடுக்கச் சொன்னாள். பட்டன் போடுங்கள், பாசிமணி கோத்துப் பழகுங்கள் என்றாள். நாற்பத்தைந்து வயது ஆள், வீட்டில் உட்கார்ந்து பாசிமணி கோத்துக்கொண்டிருப்பது எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை. அந்த நாட்களில்தான் செல்போனில் ஒரு வீடியோ கண்ணில் பட்டது. முகம் தெரியாத ஒருவர், இரண்டு கைகள் மட்டும், சாவி இல்லாமல் ஒரு பூட்டைத் திறந்தார். திறந்ததும் மறுபடி பூட்டி, மறுபடி திறந்தார். அதை நான் பலமுறை பார்த்தேன்.

ஆன்லைனில் ஒரு செட் வாங்கினேன். தோல் பை மாதிரி ஒன்றில் வரிசை வரிசையாகக் கம்பிகள், கூடவே உள்ளே இருப்பது தெரிகிற கண்ணாடிப் பிளாஸ்டிக் பூட்டு ஒன்று. அந்தப் பூட்டை முதல் நாளே திறந்துவிட்டேன். பெரிய ஆளாகிவிட்டதாக நினைத்து மனைவியிடம் காட்டினேன். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்துவிட்டு வந்த களைப்போடு அவள் அதைப் பார்த்தாள்.

"இன்னாயா இது, திருடனுக்குப் படிக்கிறியா?" என்றாள்.

மறுநாள் எங்கள் வீட்டுப் பழைய பூட்டு ஒன்றை எடுத்து முயன்றேன். அது அசையவில்லை. அப்போதுதான் புரிந்தது, பிளாஸ்டிக் பூட்டு திறப்பதற்கென்றே செய்யப்பட்டது. செட்டில் இருந்த கம்பிகளில் பாதி அந்த வாரமே வளைந்துபோயின. மிச்சத்தில் பாதி எதற்கென்றே எனக்குத் தெரியவில்லை. கடைசியில் எனக்குப் பயன்பட்டவை இரண்டுதான். நுனி கொஞ்சம் நிமிர்ந்த கொக்கி ஒன்று, சாவித் துவாரத்தின் ஓரத்தில் வைத்து லேசாகத் திருப்பிப் பிடிக்கிற முறுக்குக் கம்பி ஒன்று. அந்த முறுக்குக் கம்பியும் பிடிக்காமல், வெல்டிங் கடையில் கிடந்த பழைய வைப்பர் பட்டையை அறுத்து, அரம் போட்டு, எனக்கு நானே ஒன்று செய்துகொண்டேன். அதுதான் நின்றது.

புதிதாகக் கற்றுக்கொள்கிற எல்லோரும் கொக்கியைப் பற்றித்தான் யோசிப்பார்கள். உண்மையில் வேலை முறுக்குக் கம்பியில்தான் இருக்கிறது. அழுத்தம் அதிகமானால், உள்ளே கொக்கியால் ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்த வேண்டிய ஊசிகள் இறுகிக்கொள்ளும். குறைந்தால் தூக்கியதெல்லாம் கீழே விழுந்துவிடும். என் கைக்கு அது பெரிய சோதனை. எவ்வளவு அழுத்துகிறேன் என்று என் விரலுக்கே தெரியாது. அதனால் நகத்தைப் பார்த்துப் பழகினேன். நகம் வெளுத்தால் அழுத்தம் அதிகம். இளஞ்சிவப்பாகவே இருந்தால் சரி. கொக்கியை இடது கையில் பிடித்துக்கொண்டேன்.

பேசின் பிரிட்ஜ் பக்கம் பழைய இரும்புக் கடைகளில் சாவி தொலைந்த பூட்டுகள் கிடைத்தன. எங்கள் திருவொற்றியூர் உப்புக் காற்றில் எந்தப் பூட்டும் இரண்டு மழைக்காலத்தைத் தாங்காது, உள்ளே பச்சை பூத்துவிடும். மண்ணெண்ணெய் விட்டு, காயவைத்து, பென்சில் முனையைச் சுரண்டித் தூள் போட்டுத்தான் ஆரம்பிப்பேன். வீடியோக்களில் எல்லோரும் ஒரே விதியைச் சொல்வார்கள்: உன்னுடைய பூட்டை மட்டும் தொடு, பயன்பாட்டில் இருக்கிற பூட்டை ஒருபோதும் தொடாதே. அதை நான் மீறியதில்லை.

வெளிச்சத்துக்காக வாசலில் உட்கார்ந்துதான் பழகுவேன். எங்கள் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் எதிரும் புதிருமாக வீடுகள். எதிர்வீட்டில் ஒரு பெண்ணும் அவள் தம்பியும் இருந்தார்கள். அவள் ராயபுரத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்தாள். தம்பிக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும், ஆனால் மனம் வளரவில்லை. பேச்சும் அதிகம் கிடையாது. ஒருமுறை அவர் தண்டவாளத்தில் நடந்து போய்க்கொண்டிருந்ததை யாரோ பார்த்து இழுத்து வந்தார்கள். அதற்குப் பிறகு அவள் வேலைக்குப் போகும்போது கம்பிக் கதவை வெளியே பூட்டிவிட்டுப் போவாள். வேறு வழி இல்லை என்று எங்களுக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அவர் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் கையில் பூட்டு டக்கென்று திறக்கும்போது கைதட்டிச் சிரிப்பார். யார்டிலிருந்து என்னைத் தேடி யாரும் வராத அந்த மாதங்களில், எனக்கு இருந்த ஒரே பார்வையாளர் அவர்தான்.

அன்று மத்தியானம் மனைவிக்கு விடுமுறை. சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். முதலில் கண்தான் எரிந்தது. பிறகு தொண்டையில் முள் குத்துவது போல. எங்கள் பக்கத்தில் வாடை என்பது புதிதல்ல, காற்று திரும்பினால் சுற்றியிருக்கிற ஆலைகளிலிருந்து ஏதாவது ஒன்று வரும். ஜன்னலைச் சாத்திவிட்டுச் சாப்பிடுவோம். அன்று ஜன்னலைச் சாத்தியும் நிற்கவில்லை. கீழே யாரோ, "கேஸ் வுட்டுட்டானுங்க, எல்லாரும் வெளிய வாங்க" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். மாடிப்படி முழுக்கக் காலடிச் சத்தம்.

நாங்கள் வெளியே வந்தபோது எதிர்வீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு, கையைப் பார்த்தார்.

அவருடைய அக்காவுக்கு போன் செய்தேன்.

"அண்ணா, சாவி என்கிட்டதான் கீது. பஸ்சு எல்லாம் நிக்குதாம். நான் எப்பிடியாவது வந்துடறேன், அவன மட்டும் வுட்டுட்டுப் போய்டாத" என்றாள். அழுதுகொண்டே ஓடுகிறாள் என்று மூச்சிலேயே தெரிந்தது.

கீழே வெல்டிங் கடை வைத்திருந்தவர் கடப்பாரையோடு ஏறி வந்தார். "நவுறு மாமு, ரெண்டு போட்டா வுட்ரும்" என்று பூட்டின்மேல் ஓங்கி அடித்தார். கம்பிக் கதவு முழுக்க அதிர்ந்தது. உள்ளே இருந்தவர் அலறிக்கொண்டு சுவரோரம் ஓடி, தலையைச் சுவரில் முட்டத் தொடங்கினார். இரண்டாவது அடியில் பூட்டு நெளிந்ததே தவிர விடவில்லை. உள்ளே அவர் இன்னும் பலமாக முட்டினார். நெற்றியில் ரத்தம்.

"நிறுத்துப்பா" என்று நான் கத்தினேன். உள்ளே போய்ப் பையை எடுத்துவந்தேன்.

அது சாதாரண ஊசிப் பூட்டுதான். ஆனால் நெளிந்திருந்தது. கண் எரிச்சலில் நகத்தின் நிறம் தெரியவில்லை. மனைவி ஈரத்துணியால் என் கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றாள். வெல்டிங் கடைக்காரர் இருமிக்கொண்டே, "சீக்கிரம் மாமு, சீக்கிரம்" என்றார். முதல்முறை எல்லா ஊசியும் விழுந்தது. அடுத்த முறையும் விழுந்தது. என்ன நினைத்தேன் என்று இப்போது நினைவில்லை. உள்ளே இருந்தவர் பக்கம் திரும்பி, "இங்க பாரு, இங்க பாரு, தொறக்கப் போறேன் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் முட்டுவதை நிறுத்தி, கதவருகே வந்து உட்கார்ந்தார். டக்கென்று சத்தம் கேட்டது. அவர் கைதட்டினார். ரத்தம் மூக்குவரை வழிந்திருந்தது.

ஈரத்துண்டை அவர் முகத்தில் கட்டி, கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு போனேன். நெடுஞ்சாலை முழுக்க ஜனம். ஷேர் ஆட்டோக்களில் தொங்கிக்கொண்டு போனார்கள். குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு பெண்கள் தெற்கே நடந்தார்கள். பாதி வழியில் மனைவி நின்றுவிட்டாள். மூச்சு இழுத்தது, முகம் கறுத்தது, அப்படியே என்மேல் சரிந்தாள். அவளைத் தாங்க எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. யாரோ ஒரு ஆட்டோவை நிறுத்தினார்கள். அவளைத் தூக்கி உட்காரவைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் இல்லை.

அவருடைய அக்கா அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தாள். என் மனைவியை உள்ளே படுக்கவைத்து ஆக்சிஜன் கொடுத்திருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் தரையில் உட்கார்ந்து, "அவனுக்கு ரோடு தாண்டத் தெரியாதுண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

தேடினோம். எண்ணூர் வரைக்கும், கடலோரக் கல்சுவர் நெடுக, ஒவ்வொரு ஸ்டேஷன் பிளாட்பாரமாக. போலீசில் புகார் கொடுக்கப் போனபோது, கதவை யார் திறந்தது, எப்படித் திறந்தது என்று கேட்டார்கள். மறைக்க ஒன்றுமில்லை என்று பையைக் காட்டினேன். அந்த அதிகாரி ஒவ்வொரு கம்பியாக எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இத வெச்சி எத்தினி வூடு தொறந்துகீற?"

"பொழுதுபோக்கு சார். கை சரியாகறதுக்கு…"

"இன்னாது, பொழுதுபோக்கா?" என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். பையை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். நான் திரும்பக் கேட்கவில்லை. வெளியே வந்தபோது, எங்கள் தெருவில் காணாமல் போன ஒவ்வொரு பொருளுக்கும் இனி என் பெயர் அடிபடும் என்று தெரிந்தது. அப்படித்தான் ஆயிற்று. பின்னால் ஒருநாள் கீழ்வீட்டில் சிலிண்டர் திருடு போனபோது எங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த வீட்டுப் பிள்ளைகள் மாடிக்கு விளையாட வருவதில்லை.

புகார் கொடுத்த வாரம் முடிவதற்குள் அவர் கிடைத்தார். பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் தண்டவாள வேலை செய்பவர்கள், நின்றிருந்த பெட்டிகளுக்கு அடியில் சுருண்டு கிடந்தவரைப் பார்த்துப் போலீசுக்குச் சொன்னார்கள். ஒரு கை உடைந்திருந்தது. முன்பற்கள் இல்லை. முதுகில் கோடுகோடாகக் கன்றிப் போயிருந்தது. "யாரோ புள்ள புடிக்கறவன்னு நெனச்சு அட்ச்சிகீறாங்க போல" என்றார் அழைத்து வந்த ஏட்டு. எங்கே, யார் என்று யாருக்கும் தெரியவில்லை. பேர் என்ன, ஊர் என்ன என்று கேட்டிருப்பார்கள். அவரால் சொல்ல முடிந்திருக்காது.

கை கட்டோடு அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுவாரம், அவள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது.

"அண்ணா, உன்னால தொறக்க முடியாத பூட்டு எதுன்னு சொல்லு. அத வாங்கணும்."

அவள் குரலில் கோபம் இல்லை. மருந்துக் கடையில் வந்து மாத்திரை கேட்பவர்களைப் போலக் கேட்டாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

டோல்கேட்டில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு இரண்டு பேரும் போனோம். என் கம்பிகளும் என் பழக்கமும் ஊசிப் பூட்டுக்கானவை. தகடு தகடாக லீவர் வைத்த கனமான பூட்டில் அவை எதற்கும் உதவாது. கடைக்காரர் எடுத்து வைத்ததில் அப்படி ஒன்றைக் காட்டி, "இதும்மா" என்றேன். அவள் அதைக் கையில் எடுத்துக் கனம் பார்த்தாள்.

"நெசமா முடியாதா?"

"முடியாது."

திரும்பி வரும் வழியில் சொல்லிவிட்டேன். "ஒரு சாவி எங்க வூட்ல இருக்கட்டும்மா. மறுபடி ஏதாவது ஆச்சுன்னா…" அவள் பஸ்சில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் புதுப் பூட்டைப் போட்டுப் பார்த்தாள். வளையத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி என்னைத் தாண்டிப் போய் என் மனைவியின் கையில் வைத்தாள்.

"அக்கா, உன்கிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

அது சரிதான் என்று எனக்குத் தோன்றியது. வலித்தது என்பதும் உண்மை.

யார்டில் என்னைத் திரும்ப எடுக்கவில்லை. இப்போது ஒரு குடோனில் கணக்குப் பார்க்கும் வேலை, காலையோடு முடிந்துவிடும். மத்தியானம் மனைவி விட்டுப் போகும் சாவியால் எதிர்வீட்டைத் திறந்து அவருக்குச் சோறு போடுகிறேன். அவருடைய அக்காவுக்கும் தெரியும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் சாப்பிடும்வரை கம்பிக் கதவை விரியத் திறந்துவைத்து, வாசலில் உட்கார்ந்திருப்பேன். ஆரம்பத்தில் எழுந்து வெளியே வந்துவிடுவாரோ என்று பயந்து, காலை நீட்டி வழியை மறித்து உட்கார்ந்தேன். இப்போது அப்படி உட்காருவதில்லை. கதவு திறக்கிற சத்தம் கேட்டாலே அவர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய், சுவரோரமாக, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறார். நான் பூட்டிவிட்டு என் வீட்டுக்குள் போன பிறகுதான் முன்னறைக்கு வருகிறார்.