சண்முகத்தாய் அக்காவுக்குப் படம் தெளிவில்லை என்றோம்

சண்முகத்தாய் அக்கா இறந்த செய்தியை அவர் மகள் ராஜிதான் போனில் சொன்னாள். "அம்மா காலைல போயிட்டாக. நீங்க வாங்க. ஒங்க டாக்டரக் கூட்டிட்டு வந்துறாதீக." நான் சிவகாசியில் ஒரு ஸ்கேன் சென்டரில் இதயத்துக்கு எக்கோ எடுக்கிறவள். விஸ்வநத்தத்தில் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, எனக்கு முன்பே எங்கள் டாக்டர் மாலையோடு நின்றிருந்தார்.

வாசலில் ஒரு பிளக்ஸ். அக்கா இருபது வருடம் பேக்கிங் செக்சனில் சூப்பர்வைசராக இருந்த பட்டாசு கம்பெனி வைத்தது. அதில் அக்காவின் உடம்பைக் கம்ப்யூட்டரில் பாதியாகச் சுருக்கியிருந்தார்கள். இடத்தை அடைக்கிறாள் என்று உயிரோடு இருக்கும்போது முணுமுணுத்தவர்கள், செத்த பிறகு அந்த இடத்தை மிச்சம் பிடித்துக்கொண்டார்கள். "இது யாரு படம்?" என்று ராஜி கேட்டாள்.

டாக்டர் துக்கத்துக்கு வந்தவர்களிடம், "வெயிட்டைக் குறைச்சிருந்தா இன்னும் பத்து வருசம் இருந்திருப்பாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டம் தலையாட்டியது. பேக்கிங் செக்சன்காரர்களே, உங்களில் சிலரும் தலையாட்டினீர்கள். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

சுனாமிக்கு அடுத்த தீபாவளி சீசனில் அக்கா முதல்முறை எங்கள் சென்டருக்கு வந்தார். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மல்லாந்து படுத்தால் இருமல் வருகிறது என்றார். டாக்டர் தன் அறை வாசலில் நின்றபடியே அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இம்புட்டு உடம்ப வச்சுக்கிட்டா மூச்சு வாங்காம என்ன செய்யும்?" அவ்வளவுதான் அவருடைய பரிசோதனை. என்னிடம் அனுப்பினார்.

குண்டான உடம்பில் எக்கோ எடுப்பது கடினம் என்பது உண்மை. தோலுக்கும் இதயத்துக்கும் நடுவே தூரம் கூடுகிறது. எக்கோ என்பது ஒலியை உள்ளே அனுப்பி எடுக்கும் படம்; கொழுப்பு அந்த ஒலியை உறிஞ்சிவிடும். திரையில் மழைநாள் கண்ணாடி மாதிரி எல்லாம் மங்கித் தெரியும். அப்போது நோயாளியை இடப்பக்கமாக ஒருக்களிக்க வைத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி, ஒலியின் அளவை மாற்றி, விலா எலும்புகளுக்கு நடுவே சந்து சந்தாகத் தேட வேண்டும். நான் அக்காவை மல்லாக்கப் படுக்க வைத்தேன். அவர் இருமினார். ஐந்தே நிமிடம். "உடல் பருமன் காரணமாகப் படம் தெளிவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். எழுதியது என் கை. டாக்டர் அதன் கீழே கையெழுத்துப் போட்டு, எடையைக் குறைத்துவிட்டு வரச் சொன்னார்.

அக்கா ஆட்டோவுக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவருடைய முதலாளி வந்தார். அவர் அக்காவைவிடக் கனமான ஆள். காரிலிருந்து இறங்க இரண்டு பேர் கைகொடுத்தார்கள். டாக்டர் வாசலுக்கே ஓடிப்போய், "வாங்க அண்ணாச்சி" என்று அழைத்துவந்தார். கட்டிலில் ஒருக்களிக்க வைத்து, தலையணை மாற்றி, அவரே முக்கால் மணி நேரம் எக்கோ எடுத்தார். நாலு அறையும் நாலு வால்வும் தெரிந்தன. எடையைப் பற்றி ஒரு பேச்சில்லை.

நான் வெளியே வந்தபோது அக்கா இன்னும் பெஞ்சில்தான் இருந்தார். "ஏ புள்ள, மொதலாளிக்குத் தெளிவாத் தெரிஞ்சதாக்கும்?"

"தெரிஞ்சதுக்கா."

"அவுக நெஞ்சு மட்டும் என்ன கண்ணாடியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டேன்.

பத்து மாதம் அக்கா ராத்திரிச் சோற்றை நிறுத்தினார், விடிகாலையில் மூச்சு முட்ட நடந்தார். எடை குறையவில்லை, கால்தான் வீங்கியது. அடுத்த சீசனில் ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், பெட்டிகளுக்கு நடுவே சரிந்து விழுந்தார். நீங்கள்தான் லோடு வேனில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோனீர்கள். அங்கே எக்கோ எடுக்கும் ஒரு பெண் நாற்பது நிமிடம் பொறுமையாகத் தேடி, சிறுவயதில் வந்த காய்ச்சலில் கெட்டுச் சுருங்கிப்போன வால்வைக் கண்டுபிடித்தார். பலூன் வைத்து விரித்தார்கள். ஆனால் பத்து மாதம் தேங்கிய ரத்தத்தில் நுரையீரலும் இதயத்தின் வலப்பக்கமும் கெட்டுவிட்டிருந்தன. அதற்குப் பிறகு அவர் இருந்தது மூன்று வருடம்.

மதுரையிலிருந்து திரும்பிய மாதமே அக்கா எங்கள் சென்டருக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று டாக்டர் பின்கதவு வழியாகப் போய்விட்டார். ஊரார் நெஞ்சைப் பார்த்துப் பிழைக்கிறவருக்கு அவ்வளவு தைரியம். அக்கா நேராக என் அறைக்கு வந்து, தானே இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தார்.

"இப்பப் பாரு."

பார்த்தேன். மங்கல்தான். ஒவ்வொரு சந்தாகத் தேடினேன். அரைமணி கழித்து வால்வு திரையில் வந்தது. தடித்து, விறைத்து, யார் பார்த்தாலும் தெரிகிற மாதிரி.

"தெரியுதா?"

"தெரியுதுக்கா."

"அப்ப அன்னைக்கு?"

மெஷினைச் சொல்லலாம். டாக்டரைச் சொல்லலாம். வெளியே காத்திருந்த கூட்டத்தைச் சொல்லலாம். எல்லாம் வாய் வரைக்கும் வந்தன. "அன்னைக்கு நான் பாக்கலக்கா" என்றேன்.

"நமத்துப்போன வெடின்னாலும் பிரிச்சுப் பாத்துத்தாம்ளா சொல்லணும். பெட்டியப் பாத்துச் சொல்லுறவளுக்கு எங்க செக்சன்ல வேல கெடையாது" என்றார். பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு போனார். என்னை மன்னித்ததாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அந்த டாக்டரிடமே இன்றும் சம்பளம் வாங்குகிறவளுக்கு அதைக் கேட்க வாயும் இல்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். தேடியும் கிடைக்காவிட்டால், "என்னால் பார்க்க முடியவில்லை, வேறு இடத்தில் பார்க்கவும்" என்று எழுதுகிறேன். குற்றத்தை வந்தவரின் உடம்பின்மேல் எழுதுவதில்லை. அக்காவின் காரியம் முடிந்த மறுநாள், வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு கனத்த பெண் வந்திருந்தாள். அவள் ஒருக்களித்துப் படுத்து அரைமணிக்கு மேல் ஆகியிருந்தது. டாக்டர் கதவைத் தட்டினார்.

"இன்னும் எவ்வளவு நேரம்மா?"

"தெரியுற வரைக்கும் சார்" என்று சொல்லிவிட்டு, எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டேன்.