மலேசியாவிலிருந்து ஒரு சகோதரி

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற நாங்கள் ஜொகூர் பாருவில் விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவோம். இரண்டு நாட்டையும் இணைக்கும் கடற்பாலத்தின் மேல் பஸ் நின்று நின்றுதான் நகரும். முன்பெல்லாம் அந்த நேரத்தில் தூங்குவேன். ஐம்பது தாண்டியபின் பஸ்ஸில் தூக்கம் பிடிக்காமல் போனது. அதற்குப் பதிலாகக் காதில் ஏதாவது பேச்சு ஓட வேண்டியிருந்தது. அப்படித்தான் அந்தத் தமிழ் பாட்காஸ்ட்டைக் கேட்கத் தொடங்கினேன்.

கனடாவில் குடியேறிய ஒரு கணவனும் மனைவியும் அதை நடத்தினார்கள். கோயில், கல்யாணம், சமையல், பிள்ளை வளர்ப்பு என்று வாரத்துக்கு ஒரு விஷயம். கடைசியில் நேயர்கள் அனுப்பும் குரல் பதிவுகளைப் போடுவார்கள். எனக்கு அந்தப் பகுதிதான் பிடிக்கும். துபாயிலிருந்து ஒருவர் இருமிக்கொண்டே பேசுவார். நார்வேயில் ஒரு பெண் பேசும்போது பின்னால் குக்கர் விசில் அடிக்கும்.

ஒரு வாரம் சாதியைப் பற்றிப் பேசினார்கள். கப்பலேறிப் போனவர்கள் அதைக் கடலிலேயே போட்டுவிட்டார்கள், மலேசியத் தோட்டங்களில் எல்லோரும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வாழ்ந்ததால் அங்கே அந்தப் பேச்சே கிடையாது என்றார் கணவர். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. பாலத்தில் பஸ் அசையாமல் நின்றிருந்தது. பக்கத்து இருக்கையில் ஒரு சீனப் பெண் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். தமிழ் தெரிந்தவர் யாராவது அருகில் இருந்திருந்தால் பேசியிருக்க மாட்டேன். ஃபோனை வாயருகே பிடித்துக்கொண்டு பேசினேன்.

எனக்கு ஒரு முறை கல்யாணம் நிச்சயமாகி நின்றுபோனது. அதைத்தான் சொன்னேன். மாப்பிள்ளையும் நானும் செனாயில் ஒரே ஃபேக்டரியில் வேலை பார்த்தோம். அவர் வீடு யோங் பெங். இரண்டு வீட்டாரும் சம்மதித்து, பத்திரிகை அடித்து, சேலையும் எடுத்தாயிற்று. பிறகு ஒரு சாவு வீட்டில் அவருடைய அப்பா, என் அப்பா பிறந்த தோட்டத்து ஆள் ஒருவரைச் சந்தித்திருக்கிறார். நாங்கள் என்ன ஆளுங்க என்பது அங்கே தெரிந்துபோனது. அடுத்த வாரம் அவருடைய சித்தப்பாக்கள் இரண்டு பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஜாதகத்தை மறுபடி பார்த்தோம், சரி வரவில்லை என்றார்கள். ஜாதகமே பார்க்காமல் பேசிய சம்பந்தம் அது. மாப்பிள்ளை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வேறு ஷிஃப்ட்டுக்கு மாறிக்கொண்டார்.

யார் பெயரையும் ஊரையும் பதிவில் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து அதைப் போட்டார்கள். “மலேசியாவிலிருந்து ஒரு சகோதரி,” என்றார் அந்த மனைவி, குரலைத் தாழ்த்திக்கொண்டு.

கீழே கருத்துகள் வந்தபடி இருந்தன. சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாகப் படித்தேன். எங்கள் நாட்டில் இப்படியெல்லாம் கிடையாது, இந்த அம்மா பொய் சொல்கிறார் என்று ஒருவர். எனக்கும் இதேதான் நடந்தது என்று சில பெண்கள். எத்தனை வருஷம் ஆச்சு, விட்டுருங்க லா என்று எங்கள் ஊர்ப் பேச்சில் ஒருவர். மலேசியாவில் இருந்தும் எவ்வளவு அழகாகத் தமிழ் பேசுகிறார் என்று சென்னையிலிருந்து ஒரு பாராட்டு. பின்னால் பஸ் இரைச்சல் அதிகம், அடுத்த முறை அமைதியான இடத்தில் பதிவு செய்யவும் என்று ஓர் ஆலோசனை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒருவர் மரியாதையாகக் கேட்டிருந்தார்: சகோதரி, நீங்கள் எந்தச் சமூகம்?

ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட்டேன்.

என் அண்ணன் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். பேசினதுதான் பேசினாய், பெயரையும் சொல்லியிருக்கலாமே, ஒளிந்துகொண்டு பேசின மாதிரி இருக்கிறது என்று வருத்தப்பட்டார். என் கணவர் கத்தோலிக்கர். பல வருடங்களுக்குப் பிறகு நானே பார்த்துக் கட்டிக்கொண்டவர். அவர் பதிவை முழுதாகக் கேட்டுவிட்டு, நம்ம கதையை எப்போது அனுப்பப் போகிறாய் என்று கேட்டார். அதில் கேட்க ஒன்றுமில்லை, நாம் நன்றாகத்தானே இருக்கிறோம் என்றேன்.

அதற்குப் பிறகு கனடாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஜொகூரிலிருந்தே ஒரு பெண் எழுதியிருக்கிறார், உங்கள் குரல் தெரிந்த குரல் என்கிறார், எண்ணைக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். சந்தித்தால் அதை ஒரு தனி எபிசோடாகவே செய்யலாம் என்றும் எழுதியிருந்தார்கள். எண்ணைக் கொடுங்கள் என்று மட்டும் பதில் போட்டேன்.

அன்று மாலையே அவள் அழைத்தாள். அந்த மாப்பிள்ளையின் தங்கை. நிச்சயத்தின்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவள். சேலை எடுக்க எங்களோடு வந்து, கடை முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். பிறகு ஒரு தைப்பூசத்தில் கோயில் வாசலில் பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அது எனக்கு அவள் அண்ணன் பேசாமல் போனதைவிட அதிகமாக வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜொகூர் பாருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். என் எதிரில் உட்கார்ந்த பெண்ணுக்குத் தலை நரைத்திருந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தாள். கொஞ்ச நேரம் வேலை, பிள்ளைகள், பாலத்து நெரிசல் என்று பேசிக்கொண்டிருந்தோம். பிறகு கேட்டாள்.

“அக்கா, எங்க வீட்டுல எனக்குச் சொன்னது வேற. நீங்க யாரையோ விரும்புனீங்க, அதான் நின்னு போச்சுன்னு சொன்னாங்க.”

“யார் சொன்னா?”

“அம்மாதான். சொந்தக்காரங்க எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்.”

கல்யாணம் ஏன் நின்றது என்று எனக்கு அன்றே தெரியும். இது தெரியாது. இத்தனை வருடம் யோங் பெங்கில் ஒரு கூட்டமே என்னை அப்படி நினைத்திருக்கிறது. நானோ அந்த ஊர் வழியாக எத்தனையோ முறை போய் வந்திருக்கிறேன், டோல் தாண்டி டீ குடித்திருக்கிறேன். தைப்பூசத்து முகம் இப்போது புரிந்தது. அழுகை வரவில்லை. எழுந்து வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அவள் இன்னும் முடிக்கவில்லை. அவளுடைய மகள் ஒரு பையனை விரும்புகிறாள். நல்ல பையன், சிங்கப்பூரில் டெக்னீஷியன். ஆனால் பாட்டி, அதாவது இவளுடைய அம்மா, பையன் வீட்டார் என்ன ஆளுங்க என்று விசாரித்துவிட்டு, நடக்காது என்கிறார்.

“நீங்க ஒரு தடவ வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட பேசுறீங்களா? நீங்க சொன்னா கேப்பாங்க.”

அவள் அதை நம்பித்தான் கேட்டாள். எனக்கு அந்த வாசலில் போய் நிற்க மனம் வரவில்லை.

“முடியல மா,” என்றேன். “ஒரு தடவ சொல்லிட்டேன். அத நீயே போட்டுக் காட்டு.”

அவள் கையை நீட்டி என் கையைப் பிடித்தாள். வற்புறுத்தவில்லை. வெளியே வந்து அவரவர் காருக்குப் போனோம்.

அடுத்த மாதம் அழைத்து நடந்ததைச் சொன்னாள். ஹாலில் அம்மாவை உட்கார வைத்து, பதிவைச் சத்தமாகப் போட்டிருக்கிறாள். அம்மா கடைசி வரை கேட்டிருக்கிறார். அந்தப் பெண்ணா, நன்றாக இருக்கிறாளா என்று கேட்டாராம். பிறகு, ஜாதகம்தானே சரி வரவில்லை என்றாராம். யாரையோ விரும்பினாள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று இவள் கேட்டதற்கு, அப்படி யார் சொன்னது என்று கேட்டுவிட்டு டிவியைப் போட்டுவிட்டாராம்.

“அப்பவே எனக்கு முடிவாயிருச்சு கா,” என்றாள். “இவங்க சரின்னு சொல்றதுக்கு நாங்க காத்துக்கிட்டு இருக்க வேணாம்.”

அவள் மகளின் கல்யாணம் யோங் பெங்கில் ஒரு மண்டபத்தில் நடந்தது. போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். அவள் மூன்று முறை அழைத்தாள். கணவர் சட்டையை இஸ்திரி போட்டுவிட்டுக் காத்திருந்தார், போனோம்.

மண்டபத்து வாசலில் கார்களுக்கு இடம் காட்டிக்கொண்டு ஒருவர் வெயிலில் நின்றார். தலை வழுக்கை, கழுத்தில் துண்டு, சட்டை நனைந்திருந்தது. என் கணவர் கண்ணாடியை இறக்கினார்.

“உள்ள தள்ளி நிறுத்துங்க சார், அங்க நிழல் இருக்கு,” என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்தார். காட்டிய கை அப்படியே நின்றது. பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்ததும் அதைப் பார்க்கப் போய்விட்டார்.

யார் என்று கணவர் கேட்டார். அன்று எனக்கு நிச்சயமான மாப்பிள்ளை என்றேன். கணவர் அந்த நிழலில் காரை நிறுத்தினார்.

உள்ளே முதல் வரிசையில் அந்த அம்மா பட்டுச்சேலை கட்டி உட்கார்ந்திருந்தார். மணமேடையைப் பார்க்கவில்லை, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாலி கட்டியதும் எல்லோரையும் போல அட்சதை போட்டார். என் பக்கம் திரும்பவில்லை. நானும் அருகே போகவில்லை. அன்று காலை அவர் வராமல் இருந்துவிடுவார் என்று பயந்ததாகவும், தானே முதலில் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார் என்றும் என்னை அழைத்தவள் பந்தியில் என் காதருகே சொன்னாள். அவள் முகம் அலைந்து களைத்திருந்தது, ஆனால் சிரித்தாள்.

கனடாக்காரர்கள் இன்னும் எழுதுகிறார்கள். கல்யாணச் செய்தி அவர்களுக்கு எப்படியோ போயிருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து வந்து பேசுங்கள், ஒரு மணி நேரம் போதும், கேட்பவர்களுக்கு நம்பிக்கையாக இருக்கும் என்கிறார்கள். அவளைக் கேட்டுப் பாருங்கள், அவளுக்குப் பேச விருப்பம் இருக்கலாம், நான் வரவில்லை என்று எழுதினேன். பெருந்தன்மையாகப் புரிந்துகொண்டதாகப் பதில் வந்தது. அடுத்த வாரத்துத் தலைப்பையும் அனுப்பி, இதைப் பற்றி உங்கள் கருத்து என்ன என்று கேட்டிருந்தார்கள்.