கோடு தாண்டிய தர்பூசணி

பிள்ளைகளா, அப்பன்மாருக்கும் பொறாமை வரும். எனக்கு வந்தது என் மகளோட டிராயிங் சார் மேல.

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற கம்பெனியில் எனக்கு வேலை. நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று விலகாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். கழிவான தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தால் பின்பக்கத்தில் மகள் படம் போடுவாள்.

நோன்பு மாதத்தில் ஒரு சாயங்காலம், நோன்பு திறந்து கஞ்சி குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு தட்டுப் பழத்தை வரைந்து நீட்டினாள். தர்பூசணிக் கீற்று, ஆரஞ்சு, கொய்யா.

"எப்படி இருக்கு, அத்தா?"

பழக்கதோஷம், லென்ஸை எடுத்து வைத்தேன். "கோடு ஒரு பக்கம் கிடக்கு, சிவப்பு ஒரு பக்கம் ஓடுது பாரு. கம்பெனியில இதைக் கழிச்சிருவோம்மா."

படத்தைச் சுருட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் சார் அதைப் பார்த்துவிட்டு, "சிவப்பு கோட்டுக்குள்ள அடங்கலையே, எம்புட்டுக் கோபம்!" என்றாராம். அன்றிலிருந்து சோற்றுத் தட்டு முன்னாலும் "சார் சொன்னாக, சார் சொன்னாக"தான். அடுத்த படங்கள் எல்லாம் நேராகப் பள்ளிக்கூடம் போயின. தாள் கொண்டுவருகிறவன் நான், பார்க்கிறவர் அவர். வயிறு எரிந்தது.

ஆண்டு விழாவில் அந்தத் தர்பூசணிப் படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். சார் நல்ல மனுஷன், அதுவும் எரிச்சல்தான். என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், "பாருங்க, அடங்காத கோபம்" என்றார்.

வெளியே வந்ததும் மகளிடம் கேட்டேன். "அம்புட்டுக் கோபமாம்மா உனக்கு?"

சிரித்துவிட்டாள். "கோபமா? பசி, அத்தா! நோன்பு திறக்கப் பாங்கு சொல்ல இன்னும் அரை மணி நேரம் இருந்துச்சு. நறுக்கி வச்ச பழத்தையே பாத்துக்கிட்டுப் போட்டேன்."

சாருக்கும் தெரியவில்லை! முதலில் அந்தச் சந்தோஷம்தான் வந்தது, மறைப்பானேன். அப்புறம்தான் உறைத்தது. அதே தட்டில் கை வைத்து நோன்பு திறந்தவன் நான்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீக? லென்ஸைத்தானே வச்சீக."

போன வாரம் ஒரு படத்தை முதலில் என்னிடம் கொண்டுவந்தாள். கறுத்துப்போன ஒற்றை வாழைப்பழம். லென்ஸை எடுக்கக் கை சட்டைப் பைக்குப் போனது, இழுத்துக்கொண்டேன்.

"போடும்போது என்னம்மா நெனச்ச?"

உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். வெகுநேரம் சொன்னாள். கடைசியில், "அந்தப் பசி விஷயத்தைச் சார்கிட்டச் சொல்லிரவா, அத்தா?" என்று கேட்டாள்.

"அது கெடக்கட்டும்மா" என்றேன்.