கோடரி அச்சுக்குப் பாலாபிஷேகம்

வெண்கலக் கோடரிக்கு ஒன்பது பங்கு செம்பும் ஒரு பங்கு வெள்ளீயமும் வேண்டும். செம்பு பழைய ஏர்கான் குழாயில் கிடைத்தது. வெள்ளீயத்துக்கு, நீண்ட கால உழைப்பைப் பாராட்டி அலுவலகம் கொடுத்த பியூட்டர் குவளையை அறுத்தேன். என் உத்தியோகம் உருப்படியான எதற்காவது பயன்பட இருந்தது அப்போதுதான்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் மனைவியின் அண்ணன். சுபாங் ஜெயாவில் ஒரு காதுகுத்து விருந்தில், ஆதிமனிதன் களிமண் அச்சில் வெண்கலம் வார்த்த கதையைச் சாம்பாரில் தொடங்கி மோர் வரை விளக்கிக்கொண்டிருந்தேன்.

"மாப்ள, பேசுனது போதும்லா. செஞ்சு காட்டுங்க. ஞாயித்துக்கிழம தேங்காயோட வரேன். உங்க கோடரி அதப் பொளக்கலைன்னா, இனிமே எந்த விசேஷத்துலயும் நீங்க வரலாறு பேசக்கூடாது."

"சரி மச்சான்" என்றேன். பேச்சும் போய்விட்டால் விருந்துகளில் எனக்கு வேறு வேலை இல்லை.

கிள்ளானில் என் வீட்டு வேலிக்கு வெளியே, மாமரத்தின் அடியில் காலை வெயில் நன்றாக விழும். கோடரி வடிவில் உட்பக்கம் குடைந்த இரண்டு களிமண் பாதிகளைச் சேர்த்து, கயிறு கிடைக்காததால் ஒரு மஞ்சள் துணியால் கட்டி, அங்கே நிறுத்தினேன். அச்சு சுக்காகக் காய வேண்டும். ஈரமிருந்தால் உருகிய உலோகம் பட்டதும் நீராவி கிளம்பி, வெண்கலம் முகத்தில் தெறிக்கும். இது படித்தறிந்தது. மரத்தடியில் மஞ்சள் துணி கட்டிய எதையும் நம்மவர்கள் சும்மா விடமாட்டார்கள் என்பது பார்த்து வளர்ந்தது. இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் தவறிவிட்டேன்.

மறுநாள் குங்குமம். அடுத்து ஊதுபத்தி. வெள்ளிக்கிழமை, பக்கத்து வீட்டு ஆன்டி பால் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஆன்டி, அது அச்சு! காயணும்!"

"வெயில்ல கெடக்குறாரேன்னுதான் ஊத்துறேன், தம்பி."

அடுப்பருகே கொண்டுபோய் உலர்த்தலாமென்று அதன்மேல் கை வைத்தேன்.

"என்னங்க, கைய எடுங்க!" என்றாள் மனைவி. அவள் கையில் ஒரு முழம் மல்லிகை.

ஞாயிற்றுக்கிழமை கரி தயார், ஊதுவதற்கு ஹேர் டிரையர் தயார். அச்சு மட்டும் சொதசொதவென்று இருந்தது. மச்சான் தேங்காயோடு காரிலிருந்து இறங்கினார். மரத்தடியைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு, என் கோடரி பிளக்க வேண்டிய தேங்காயைத் தரையில் ஓங்கி அடித்தார். சரிபாதி.

"சக்தியுள்ள சாமி போல. எப்ப வந்துச்சு மாப்ள?"

'செவ்வாய்க்கிழமை, நான்தான் பிசைந்தேன்' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதுவும் வரலாறுதான். கோடரி இல்லாதவனுக்கு வரலாறு பேச உரிமையில்லை.

இப்போது விருந்துகளில் நான் ரசத்தைச் சூடாகவே குடிக்கிறேன். அந்தச் சாமி ரப்பர் எஸ்டேட் காலத்திலிருந்தே அங்கே இருப்பதாக மச்சான்தான் எல்லோருக்கும் விளக்குகிறார், மோர் வரைக்கும்.